சுவரில் இருக்கும் முகம் யாருடையது?

சிட்னியில் இருக்கும் பெரியம்மாவின் மகன் சில மாதங்களுக்கு முன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ரெட்ஃபேர்ன் ரயில் நிலையத்துக்கு எதிரே, பாலத்தின் ஓரமாக நீளும் மதில். அதில் 40,000 ஆண்டுகள் என்று பெரிய எழுத்தில் எழுதி, அந்த மண்ணின் ஆதிக்குடிகளின் கதையை நீட்டுக்கு வரைந்திருந்தார்கள். படத்தின் கீழே அண்ணா எழுதியிருந்தார்: "வேலைக்குப் போகேக்க ஒவ்வொரு நாளும் இதைத் தாண்டித்தான் போறன். இண்டைக்குத்தான் நிண்டு பாத்தன். வெள்ளவத்தை ஸ்ரேஷன் மதில்ல இப்ப என்ன கீறிக் கிடக்கு?"

அண்ணா 1990களின் பிற்பகுதியில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் ஏழு மாதம் விசாவுக்காகக் காத்திருந்தவர். பின்னேரங்களில் தண்டவாளத்து ஓரமாக நடப்பதைத் தவிர அவருக்கு அப்போது வேறு வேலை இருக்கவில்லை. ஆகவே அந்த மதில்கள் அவருக்கு மனப்பாடம். கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே ஒரு ஞாயிறு காலை இறங்கி நடந்தேன். சாதாரண தரக் கணித வகுப்பு, உயர்தர உயிரியல் வகுப்பு, ஆசிரியரின் கோட் சூட் போட்ட படம். அறை வாடகைக்கு, சைவ உணவுக்காரர் விரும்பத்தக்கது. 31ஆம் நாள் நினைவஞ்சலி. காலி வீதியிலும் மரீன் டிரைவிலும் ஒழுங்கைகளிலும் தமிழ் எழுத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்களில் எவரையும் பற்றி, இந்த இடத்தில் எங்களுக்கு நடந்த எதையும் பற்றி, ஒரு கோடுகூட இல்லை. கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பார்த்தேன். ஜம்பட்டா வீதியிலிருந்து விவேகானந்தா மேடு வரை கோயில்களும் சிற்றாலயங்களும் நிறையவே உண்டு. சாமி படங்கள் உண்டு. மனிதர்கள் இல்லை.

கொழும்பின் சுவர்களில் மனிதர்கள் வந்த காலம் ஒன்று இருக்கிறது. 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்து கோட்டாபய ராஜபக்ஷ வென்ற சில நாட்களில், நாடு முழுக்க இளைஞர்கள் தூரிகையோடு தெருவுக்கு இறங்கினார்கள். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. கடைக்காரர்கள் பெயின்ற் வாங்கிக் கொடுத்தார்கள், அம்மாமார் தேநீர் கொண்டுவந்தார்கள். அந்த உற்சாகம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். வெற்றிலைத் துப்பலும் தேர்தல் சுவரொட்டியும் அப்பிக் கிடந்த மதில்கள் சுத்தமாகின. யானை, மயில், குளம், வயல் என்று அழகான படங்களும் வந்தன. வடக்கு கிழக்கிலும் சில ஊர்களில் பொடியங்கள் சேர்ந்து வரைந்தார்கள்.

ஆனால் பஸ்ஸில் இருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனபோது வேறொன்று தெரிந்தது. பண்டைய சிங்கள மன்னர்கள், தாதுகோபங்கள், சீகிரியா, பத்துத் தலை இராவணன், பிறகு துப்பாக்கியோடும் சிங்கக் கொடியோடும் படைவீரர்கள். 2009இல் பிள்ளையைப் படையினரிடம் கையளித்துவிட்டு இன்றுவரை தேடும் ஒரு தாய் வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ் நிற்கிற இடத்தில் அவர் முகத்துக்கு நேரே அந்தச் சுவர். அதை வரைந்த இருபது வயதுப் பையன் அவரை மனதில் வைத்து வரையவில்லை. அவர் அந்தத் தெருவால் வருவார் என்ற எண்ணமே அவனுக்கு இருந்திருக்காது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அதே ஆண்டு ஏப்ரல் 21இல்தான் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. நாடு முழுக்க 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் கொட்டாஞ்சேனைத் தமிழர்கள் பலர். ஏழு மாதங்களின் பின் வந்த அந்தச் சுவர்களில் நான் பார்த்தவரை அவர்களுக்கும் இடமிருக்கவில்லை.

அண்ணா அனுப்பிய படத்துக்கு வருகிறேன். அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் சுவரோவியங்களைப் பற்றித் தேடத் தொடங்கினால் எல்லாப் பாதையும் பாபுன்யா என்ற இடத்துக்கே போகிறது. அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீற்றர் மேற்கே, பாலைவனத்தில் அரசாங்கம் அமைத்த குடியேற்றம் அது. பின்டுபி, லுரிச்சா, வார்ல்பிரி எனப் பல்வேறு மொழி பேசும் மக்களைத் தங்கள் நிலங்களிலிருந்து கொண்டுவந்து ஒன்றாகக் குவித்திருந்தார்கள். மீள்குடியேற்றக் கிராமம், நலன்புரி முகாம் என்ற சொற்களைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

1971இல் ஜெஃப்ரி பார்டன் என்ற இளம் சித்திர ஆசிரியர் அங்குள்ள பாடசாலைக்கு வந்தார். பிள்ளைகள் மணலில் விரலால் கீறும் வட்டங்களையும் வளைகோடுகளையும் கண்டு, அவற்றையே வரையுங்கள் என்று ஊக்கப்படுத்தினார். பிள்ளைகளுக்கு அந்த உரிமை இல்லை என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அந்த வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. எந்தக் கதையை யார் வரையலாம், யார் பார்க்கலாம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யவேண்டும். அந்தப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசி, அனுமதி பெற்று, காபா ஜம்பிஜின்பா முன்னின்று பாடசாலையின் வெளிச்சுவரில் தேனெறும்பின் கதையை வரைந்தார்கள். பாபுன்யா இருக்கும் இடமே தேனெறும்பு முன்னோரின் தலம். அதாவது, தங்களை அடைத்து வைத்த அரசாங்கக் கட்டடத்தின் மேலேயே இது யாருடைய நிலம் என்று எழுதினார்கள்.

மூன்று ஆண்டுகள்தான். 1974இல் பராமரிப்பு வேலையின்போது அதன்மேல் பெயின்ற் பூசிவிட்டார்கள்.

ஆனால் சுவர் போனபிறகும் வரைந்தவர்களின் கை நிற்கவில்லை. 1972இலேயே அவர்கள் பாபுன்யா துலா என்ற தங்கள் சொந்த நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். பலகையிலும் பிறகு கன்வஸிலும் வரைந்தார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த கிளிஃபோர்ட் பொஸம் ஜபல்ஜாரியின் ஓர் ஓவியம் 2007இல் 24 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு ஏலம் போனது. அந்தப் பணத்தில் வரைந்தவர்களின் குடும்பங்களுக்கு எவ்வளவு சேர்ந்தது என்பது அங்கே இன்னும் ஓயாத வழக்கு. எனக்கு முக்கியமாகப் படுவது விலை இல்லை, அனுமதி என்ற விடயம். தொடக்ககால ஓவியங்கள் சிலவற்றில் வெளியார் பார்க்கக்கூடாத சடங்கு வடிவங்கள் இருந்ததால் அயல் சமூகங்கள் கோபப்பட்டன. அதன்பிறகு அந்த வடிவங்களைத் தவிர்த்தும் புள்ளிகளால் மூடியும் வரைந்தார்கள். உலகம் இன்று அழகென்று கொண்டாடும் புள்ளி ஓவியத்தில், மறைப்பதற்காக இட்ட புள்ளிகளும் இருக்கின்றன.

நகரங்களில் கதை சற்று வேறு. ரெட்ஃபேர்ன் மதில் 1983இல் கரோல் ரஃப் என்ற ஓவியர் ஆதிக்குடிக் கலைஞர்களோடும் ஊரவர்களோடும் சேர்ந்து செய்தது. மங்கிப்போய், 2018இல் புதுப்பிக்கப்பட்டது. மெல்பேர்ணின் தோர்ன்பரியில் 1980களின் நடுப்பகுதியில் வரையப்பட்ட மதிலில், கழுத்தில் சங்கிலி மாட்டி வரிசையாக நிறுத்தப்பட்ட ஆதிக்குடி ஆண்கள் இருக்கிறார்கள். பழைய புகைப்படம் ஒன்றிலிருந்து எடுத்து வரைந்தது. டிராம் ஓடும் பெருந்தெருவில், அத்தனை பேர் கண்ணிலும் படும்படி அதை வைத்தார்கள். அந்தச் சுவருக்கு ஆபத்து வந்தபோது 2013இல் பலகைகளில் மீள அச்சிட்டு, தங்கள் சொந்தச் சங்கத்தின் கட்டடத்துக்கே கொண்டுபோய்ப் பொருத்திக்கொண்டார்கள்.

விக்ரோரியா மாநிலத்தின் ஷெப்பர்டன் நகரில் 2018இல் அட்னேற் என்ற சுவரோவியர் வரைந்த இரண்டு முகங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒருவர் வில்லியம் கூப்பர். ஆதிக்குடிகளுக்குப் பாராளுமன்றத்தில் இடம் கேட்டு 1,814 பேரின் கையொப்பத்தோடு மன்னருக்கு மனு எழுதியவர். அந்த மனு மன்னரிடம் போய்ச் சேரவிடப்படவில்லை. யூதர்கள் மீதான வன்முறையைக் கண்டித்து 1938 டிசெம்பரில் மெல்பேர்ணில் இருந்த ஜேர்மன் துணைத் தூதரகத்துக்கு ஊர்வலமாகப் போனவரும் அவரே. மற்றவர் டக்ளஸ் நிக்கல்ஸ், 1976இல் தென் அவுஸ்திரேலியாவின் ஆளுநரானவர். இருவரும் வளர்ந்த மலோகா, கமரகஞ்சா குடியேற்றங்களில் நாற்பது ஆண்டுகள் பள்ளிக்கூடம் நடத்திய ஆசிரியரின் பெயர் தோமஸ் ஷட்ராக் ஜேம்ஸ். 1859இல் மொரிஷியஸில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். தமிழர் என்றே பல குறிப்புகள் அவரைச் சொல்கின்றன. கூப்பரின் சகோதரியைத் திருமணம் செய்து அந்த மக்களில் ஒருவராகவே வாழ்ந்து முடித்தார். மனு எழுதவும் கூட்டம் கூடவும் ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். இதை அண்ணாவுக்கு எழுதினேன். இருபது வருடமாக அந்த நாட்டில் இருக்கிறேன், ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே என்றார்.

இதை வாசிக்கும் பலருக்கு இந்த இடத்தில் ஓர் எண்ணம் வரும். நாங்களும் இந்த மண்ணின் ஆதிக்குடிகள்தானே, நாங்களும் அப்படிச் சுவரில் எழுதினால் என்ன? எனக்கும் வந்தது. ஆனால் இலங்கையில் அந்தச் சொல் எப்படிப் பாவிக்கப்படுகிறது என்று பார்க்கவேண்டும். 2019 மதில்களில் இராவணன் வந்தது சும்மா இல்லை. விஜயனுக்கு முன்பே இருந்த சிங்கள மன்னன் அவன் என்று ஒரு கூட்டம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அதே ஆண்டு இலங்கை விண்ணுக்கு அனுப்பிய சிறு செய்மதிக்கும் இராவணன் பெயர்தான். நாங்களோ திருகோணமலையில் இராவணன் வெட்டைக் காட்டி அவன் எங்கள் சிவபக்தன் என்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே அரசனின் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, உண்மையிலேயே முன்னம் இருந்த மனிதர்கள் ஓரமாக நிற்கிறார்கள். வேடர்கள்.

தம்பானையில் இருப்பவர்களைச் சுற்றுலாப் பிரசுரங்களில் பார்த்திருப்பீர்கள். வாகரையிலும் அதை அண்டிய கரையோரக் கிராமங்களிலும் இருக்கும் வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். 2006இன் இறுதியில் வாகரை மீது யுத்தம் வந்தபோது எங்களோடு சேர்ந்து அவர்களும் இடம்பெயர்ந்தார்கள். எங்கள் இழப்புக் கணக்குகளில் அவர்களைத் தமிழர் என்று சேர்த்துக்கொண்டோம், வேடர் என்று ஒருபோதும் தனியாகக் கேட்டதில்லை. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் வேடர்களின் குகை ஓவியங்கள் பதிவாகியிருக்கின்றன. வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பி வரும்வரை காத்திருந்த பெண்கள், சாம்பலைக் குழைத்துப் பாறையில் வரைந்தவை என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நாட்டின் சுவர்களில் வேடரை வில்லும் கோடரியுமாகப் பலர் வரைந்திருக்கிறார்கள். வேடர்களே ஒரு பொதுச்சுவரில் தங்களை வரைந்ததை நான் இதுவரை காணவில்லை. ஆதலால் முந்தி வந்தவர் யார் என்ற போட்டியில் எங்கள் சுவரைச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பாபுன்யாவுக்கு மிகக் கிட்டிய உதாரணம் கொழும்பில் எது என்று கேட்டால் நான் கொம்பனித்தெருவைச் சொல்வேன். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை வைத்திருந்த இடம் என்பதால் ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்றே நெடுங்காலம் அழைக்கப்பட்டது. மலாய்க்காரர், சோனகர், தமிழர், சிங்களவர் ஒரே ஒழுங்கையில் சுவரோடு சுவராக வாழ்ந்த இடம். வேகந்தைப் பள்ளிவாசலும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. அந்த மே மாதத்திலேயே மியூஸ் வீதியில் வீடுகள் இராணுவத்தையும் பொலிஸையும் நிறுத்திவைத்து இடிக்கப்பட்டன. பிறகு பெரிய திட்டங்கள் ஒவ்வொன்றாக வர, குடும்பங்கள் தெமட்டகொடைப் பக்கத் தொடர்மாடிகளுக்கு அனுப்பப்பட்டன. நகரத்தை அழகுபடுத்துதல் என்ற சொல்லை 2019இல் இளைஞர்கள் தூரிகையோடு சொன்னார்கள். கொம்பனித்தெரு மக்கள் அதை அதற்கு ஒன்பது வருடம் முன்பே புல்டோசரோடு கேட்டிருந்தார்கள்.

அங்கே பிறந்து வளர்ந்த ஃபிரி ரஹ்மான் என்ற ஓவியர் 2018இல் சில கலைஞர்களோடு சேர்ந்து 'நாங்கள் இங்கத்தையாட்கள்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒரு வேலையைத் தொடங்கினார். விக்கி ஷாஜஹான், பரிலோஜிதன் இராமநாதன் போன்றோர் அதில் இணைந்தார்கள். அரசன், போர்வீரன் எவரும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்த ஆட்களையே எடுத்துக்கொண்டார்கள். அவர்களோடு இருந்து கதைத்து, அவர்கள் முகங்களை அவர்கள் வாழும் இடத்துச் சுவர்களிலேயே வரைந்தார்கள். வரையப்பட்டவர் மறுநாள் காலை பாண் வாங்க அதே சுவரைத் தாண்டிப் போவார். பிடிக்கவில்லை என்றால் சொல்லுவார். இதுவும் ஒருவகை அனுமதிதான், பாபுன்யாப் பெரியவர்கள் கேட்டதைப்போல. அந்த முகங்களுக்கு மேலே பேர வாவிக்கரையில் கண்ணாடிக் கோபுரங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இந்த ஓவியங்கள் இடிப்பை நிறுத்தவில்லை. யார் யார் இருந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்தது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அப்படி ஒரு சுவர் ஏன் இல்லை? வரையத் தெரிந்தவர்கள் இல்லாமலா? எனக்கு 2007 ஜூன் 7ஆம் திகதி ஞாபகம் வருகிறது. அன்று விடியற்காலை பொலிஸார் கொழும்பின் லொட்ஜுகளுக்குள் புகுந்து, கொழும்பில் இருப்பதற்குச் சரியான காரணம் இல்லை என்று சொல்லி, 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு வெளியேற்றினார்கள். பெண்கள் 85 பேர். சத்திரசிகிச்சைக்கு வந்தவர், வெளிநாட்டுப் பயணத்துக்கு வந்தவர் என்று பார்க்கவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்மேல் மறுநாளே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க சில நாளில் வருத்தம் தெரிவித்தார். பலர் திரும்பி வந்தார்கள். 1983 ஜூலையில் எரிந்த காலி வீதிக் கடைகளும் திரும்பக் கட்டப்பட்டன. வருகிறோம், கட்டுகிறோம், வாழ்கிறோம். ஆனால் இங்கே எங்களுக்கு நடந்ததை இங்கே எழுதிவைப்பதில்லை. பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பைக்குள் வைத்துத் திரிந்த பழக்கம், தெருவில் எங்கள் பெயர் எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது என்று கற்றுத் தந்துவிட்டது.

எங்களிடம் சுவரோவியமே இல்லை என்றும் சொல்லமுடியாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, ஏ9 வீதியோரக் கொட்டகையில் பிள்ளைகளின் படங்களை வரிசையாகக் கட்டினார்கள். அடையாள அட்டைப் படம், பாடசாலைச் சீருடைப் படம், கலியாணப் படத்தில் இருந்து வெட்டிய முகம். வெயிலில் நிறம் போகப்போகத் திரும்ப அச்சிட்டார்கள். ஓவியர் கிடையாது, தூரிகை கிடையாது, ஆனால் இந்த நாட்டில் நான் பார்த்த சமூகச் சுவர்களில் அதைவிட உறுதியானது வேறில்லை. அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் பல சமூகங்களில் இறந்தவரின் படத்தைத் துக்ககாலத்தில் காட்டுவதில்லை, பெயரைக்கூடச் சொல்வதில்லை. தொலைக்காட்சிகள் அதற்காகவே முன்னறிவித்தல் போடுகின்றன. எங்கள் தாய்மாருக்குப் படத்தை இறக்கினால் பிள்ளை இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே ஆண்டுக்கணக்காகத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

அந்தப் படங்கள் கொழும்புச் சுவரில் வருமா? 2022இல் காலிமுகத்திடல் போராட்டத் திடலில் ஓவியங்களும் பதாகைகளும் நிறைந்திருந்தபோது, மே 18ஆம் திகதி அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்து நினைவுகூர்ந்தார்கள். சிங்கள இளைஞர்கள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்ததைக் கண்ணால் பார்த்தேன். ஜூலை 22 அதிகாலை படையினர் புகுந்து கூடாரங்களைப் பிரித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு, யாழ் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்களின் எதிர்ப்பால் சில நாளில் திரும்ப அடிக்கல் வைக்கப்பட்டு, ஏப்ரலில் திறக்கப்பட்டது. இரவில் இடிப்பவர்களுக்கு அந்தக் கல்லின் பெறுமதி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் தேடி எழுதிவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் காலி வீதிப் பக்கமாக ஒரு நீளமான மதில் இருக்கிறது. வீட்டுக்காரர் பருத்தித்துறை ஐயா, எழுபது தாண்டியவர். 83இல் கப்பலில் ஊருக்குப் போய், பிறகு வந்து அதே காணியில் திரும்பக் கட்டியவர். ஓவியம் படித்த இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், காசு ஒன்றும் வேண்டாம், உங்கள் மதிலைத் தருவீர்களா என்று கேட்டேன்.

"என்ன பிள்ளை கீறப் போறியள்?"

2007இல் பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களை என்றேன். பெயர் இல்லாமல், முகம் மட்டும். தேவையென்றால் முகமும் இல்லாமல், பஸ்ஸும் பைகளும் மட்டும்.

ஐயா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அந்த விடியக்காலை தன் வீட்டு மேல்மாடியில் மூன்று பொடியங்கள் இருந்ததையும், அவர்களை எங்கே ஒளித்துவைத்தார் என்பதையும் முக்கால் மணித்தியாலம் சொன்னார். தேத்தண்ணி வந்தது. பிறகு எழும்பி வந்து மதிலைத் தொட்டுப் பார்த்தார். பூச்சு பெயர்ந்திருக்கிறது, மேசனைக் கொண்டு முதலில் திருத்தவேண்டும் என்றார். படலை வரை கூட வந்து மெல்லக் கேட்டார்: "பிள்ளை, முதல்ல ஒரு பூமரம் கீறுவமே? பாத்துப் போட்டுச் செய்வம்."